என் சாவுக்கு வந்த அண்ணன்

நான் ஒரு தடவை செத்திருக்கிறேன். ஒத்தக்கடையில், எங்கள் மெஸ்ஸின் அடுப்படியில், நான் வெங்காயம் நறுக்குகிற அருவாமனையாலேயே என்னைக் கொன்றார்கள். கொன்றவன் மூஞ்சியில் திருஷ்டி பொம்மையின் முகம். என் கழுத்திலிருந்து வடிந்தது சர்க்கரைப் பாகு. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். படமே சிரிக்கத்தான் எடுத்தது என்று அந்த டைரக்டர் தம்பியும் சொன்னான். எனக்கு மட்டும் இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் வயிறு எரிகிறது.

ரெண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். நானும் என் வீட்டுக்காரரும் காலேஜ் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்திக்கொண்டிருந்தோம். சுற்றிலும் வயலை பிளாட் போட்டு வீடு எழும்பிக்கொண்டிருந்த நேரம். பாதி கட்டின வீடு ஒவ்வொன்றிலும் ஒரு திருஷ்டி பொம்மை நாக்கை நீட்டிக்கொண்டு தொங்கும். அதைப் பார்த்துத்தான் அந்தத் தம்பிக்குக் கதை தோன்றியதாம். மதுரைக்காரன்தான். சின்ன வயசில் வீடியோ கடையில் கேசட் எடுத்து, முகமூடி போட்ட ஒருத்தன் ஒவ்வொருத்தராக வெட்டிக் கொல்கிற பழைய இங்கிலீஷ் படமாகப் பார்த்து வளர்ந்தவன். அதே மாதிரி ஒன்றை நம்ம ஊரில் எடுத்தே தீருவேன் என்று சின்னக் கேமரா ஒன்றும் ஏழெட்டுப் பேருமாக வந்து இறங்கினான். மூன்று வேளைச் சாப்பாடு எங்கள் மெஸ்ஸில்.

கதை இம்புட்டுத்தான். ஐந்து காலேஜ் பிள்ளைகள் பாதி கட்டின வீட்டில் தொங்குகிற பொம்மையைக் கழற்றி விளையாடுவார்கள். அந்த முகத்தை எவனோ மாட்டிக்கொண்டு அவர்களை ஒவ்வொருத்தராகக் கொல்லுவான். ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அந்தத் தம்பி என்னிடம் வந்தான்.

"அக்கா, அந்த அஞ்சு பேருக்கு முன்னாடி ஒருத்தர் சாகணும். மெஸ் அக்கா. நீங்களே பண்ணிருங்க."

"நான் என்னப்பா தப்பு பண்ணேன்? என்னைய எதுக்குக் கொல்றான்?"

"முதல் சாவுக்குக் காரணம் வேண்டாம்க்கா. அவன் எம்புட்டு மோசமானவன்னு காட்டத்தான்."

பாருங்கள் நியாயத்தை. பொம்மையைக் கழற்றினது காலேஜ் பிள்ளைகள். அவர்களுக்குச் சாக ஒரு காரணம் இருக்கிறது, கடைசியில் ஒருத்தி தப்பித்துக்கூடப் போகிறாள். காலையில் எழுந்து இட்லி ஊற்றினவள் மட்டும் காரணமே இல்லாமல் சாக வேண்டும். அப்போதே முடியாது போடா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நம்ம மூஞ்சி படத்தில் வரும் என்று ஒரு ஆசை. அந்த மூஞ்சியைத் திருவாதவூரில் ஒருத்தர் பார்ப்பார் என்று அதற்குள் இன்னொரு நப்பாசை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ரத்தம் செய்து கொடுத்ததே நான்தான். அவன் ஏதோ பெயிண்டைக் கலக்கிக்கொண்டு வந்தான், பார்த்தால் குங்குமம் கரைத்த தண்ணீர். பாகு காய்ச்சி, கேசரிப் பவுடர் போட்டு, கறுப்புத் தட்ட ஒரு கரண்டி காப்பி டிகாஷன் விட்டுக் கொடுத்தேன். அசல் ரத்தம் தோற்றுப்போகும். ஆனால் பாகென்றால் எறும்பு வருமே, அது ஒருத்தன் மண்டையிலும் உறைக்கவில்லை, என் மண்டை உட்பட. நான் செத்துக் கிடக்கிறேன், கேமரா ஓடுகிறது, கட்டெறும்பு காதுக்குள் போகிறது. "அக்கா, அசையாதீங்க, நல்லா செத்துருக்கீங்க" என்கிறான் டைரக்டர். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

கழுத்தோடு விட்டானா என்றால் அதுவும் இல்லை. வயிற்றையும் கிழிக்க வேண்டுமாம். ஆட்டுக்குடல் வாங்கி வைக்கச் சொன்னான், அப்படியே ரத்தத்தோடு. கறிக்கடையில் வாங்கி வந்தேன். கழுவாத குடலை வீட்டுக்குள் வைத்திருக்க எந்தப் பொம்பளைக்கு மனசு வரும்? வெந்நீர் ஊற்றி, திருப்பிப் போட்டு, நாலு தண்ணி அலசி, கை பழக்கத்தில் மஞ்சளையும் தடவி வைத்துவிட்டேன். மறுநாள் என் வயிற்றிலிருந்து மங்களகரமாக மஞ்சள் குடல் வந்தது. டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டான், பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். "இதுவே இருக்கட்டும்க்கா, தியேட்டர் குலுங்கும்" என்றான். எனக்கும் அன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஷூட்டிங் முடிந்த குடலை அலசிக் குழம்பு வைத்ததில் இரண்டு பேர் மறுசோறு வாங்கினார்கள்.

கிளம்பும்போது என்னை ஒரு போட்டோ எடுத்தான். பவுடர் போட்டு, பொட்டு வைத்து, சிரிக்கச் சொன்னான். கல்யாணத்துக்குப் பிறகு நான் போட்டோவே எடுத்ததில்லை. நல்லா சிரித்தேன். அருவாமனையையும் படத்தை விளம்பரம் செய்ய வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனான்.

இப்போது அந்தத் திருவாதவூர்க்காரரைச் சொல்லவேண்டும். என் அண்ணன். அப்பா செத்த பிறகு என்னை வளர்த்து, மதுரைக்கு பஸ் ஏற்றி டைப்ரைட்டிங் படிக்க வைத்தது அவர்தான். எங்கள் சனம் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் குனிந்து நின்ற சனம். முதன்முதலில் சொந்தமாக வயல் வாங்கினது அண்ணன். அதனால் அவருக்கு மற்ற எதையும்விட மரியாதை பெரிசு. நான் விரும்பின பையன் டவுனில் நெசவு வீட்டுப் பிள்ளை, அவர்கள் வீட்டுக்குள் பேசுகிற பாஷை வேறு. அண்ணன் கோபப்படவில்லை. வெள்ளை வேட்டி சட்டையோடு அவர்கள் வீட்டுக்கே பேசப் போனார். நாற்காலி போட்டு காப்பி கொடுத்தார்கள். அப்புறம் அடுப்படிக்குள் அவர்கள் பாஷையில் ஏதோ பேசி எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அண்ணன் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததற்காம் அந்தச் சிரிப்பு. என் வீட்டுக்காரர் சத்தியம் செய்து சொன்னார். அண்ணனிடம் யார் யாரையோ விட்டுச் சொல்லிப் பார்த்தேன், அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ரிஜிஸ்தர் ஆபீஸில் எங்கள் கல்யாணம் நடந்த அன்று பஸ் ஸ்டாப்பில் நின்று ஒரு வார்த்தை சொன்னார். "நீ செத்தா கோடி கொண்டு வாரேன். அதுக்கு முன்னாடி உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

பெண் செத்தால் பிறந்த வீட்டுச் சேலை கோடியாக வந்து உடம்பில் விழ வேண்டும். அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாராம். என்ன பாசம் பாருங்கள்.

திருவாதவூருக்கும் ஒத்தக்கடைக்கும் ஒரே பஸ். எட்டு வருஷம் அந்த பஸ் என் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அவர் மதுரைக்குப் போகும்போதெல்லாம் அதில்தான் போவார். ஒரு நாளும் இறங்கவில்லை. என்னைப் பெற்ற அம்மா செத்ததற்குக்கூட எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. மூன்றாம் நாள் கீரை வாங்கப் போனபோது எதிர்ச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீரைக்கட்டைக் கீழே போட்டுவிட்டு அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பசை இன்னும் காயாமல் இருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் நான் ஒரு மடச்சி. என் மகளுக்கு ஆறு வயசாகியும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், மாமன் உயிரோடு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும்போது வேறு எவன் மடியிலும் வைக்க மாட்டேன் என்று பிடிவாதம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் பையன் காது என்று கேலி செய்தார்கள். "எங்க ஆளுங்கள்ல ஒருத்தர் மடியில வச்சுக் குத்திருவோமே" என்று என் வீட்டுக்காரர் சொல்லும்போதெல்லாம் சண்டை வரும். அண்ணன் ஒருநாள் வருவார் என்று இருந்தேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் புத்தியே வரவில்லை.

படம் ஒரே ஒரு தியேட்டரில், பகல் காட்சி மட்டும் வருகிறது என்று சொன்னார்கள். அந்த வெள்ளிக்கிழமை காலையில் காய் வாங்கப் போன என் வீட்டுக்காரர் வெறும் பையோடு திரும்பி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "நீ வந்து பாரு" என்றார்.

அதே சுவர். அம்மா இருந்த அதே இடம். கண்ணீர் அஞ்சலி என்று கொட்டை எழுத்து, கீழே பவுடர் போட்டுச் சிரித்துக்கொண்டு நான். எங்கள் பாசமிகு மெஸ் அக்கா அகால மரணம் அடைந்தார், துயரத்தில் வாடும் மாணவர்கள் என்று போட்டிருந்தது. இறுதிச் சடங்கு தினமும் பகல் பதினொன்றரை மணிக்கு என்று தியேட்டர் பேர் கடைசியில் பொடி எழுத்தில் இருந்தது. அதுவும் பாதி போஸ்டர்களில் தெரியவில்லை. எவர் வீட்டுக் காதுகுத்து போஸ்டரையோ சரியாக அதன் மேல் ஒட்டியிருந்தார்கள். என் மகளுக்கு நடக்காத காதுகுத்து என் சாவு மேலேயே ஒட்டிக் கிடந்தது.

டிபனுக்கு வந்த டைரக்டரைப் பிடித்தேன். அவன் சிரிக்கிறான்.

"மதுரையில சினிமா போஸ்டரை எவன்க்கா நின்னு படிக்கிறான்? சாவு போஸ்டர்னாத்தான் நிப்பான். அதான் ஐடியா."

"டேய், என் ஆத்தா செத்ததையே நான் போஸ்டர்ல பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டவ. உனக்கு இது விளையாட்டா? என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?"

அவன் சிரிப்பை நிறுத்தினான். "கிழிச்சிருவோம்க்கா" என்றான்.

"எதுவரைக்கும் ஒட்டியிருக்க?"

"திருவாதவூர் வரைக்கும்" என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

எல்லார் கையிலும் போன் வராத காலம். மெஸ்ஸில் போனும் கிடையாது. ஆள் விட்டுச் சொல்லலாம் என்று என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டினார். நான்தான் வேண்டாம் என்றேன். உண்மையைச் சொல்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. அண்ணன் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். போஸ்டரைப் பார்த்த பிறகும் வராமல் போனால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன், காது முழுக்க வாசலில்.

பதினோரு மணி சுமாருக்குக் கொட்டுச் சத்தம் கேட்டது.

வேன் வந்து நின்றது. மாலை, பாடைத் தேர் கட்ட மூங்கில், கொட்டுக்காரர்கள், ஊர்ச்சனம் பத்துப் பதினைந்து பேர். முன்னால் அண்ணன். எட்டு வருஷத்தில் தலை பாதி நரைத்துப் போயிருந்தது. கையில் கோடிச் சேலை, அரக்குக் கலர், பச்சைக் கரை. சின்ன வயசில் எனக்குப் பிடித்த கலர் அது. எவன் வாசல் என்று பார்க்கவில்லை, செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நேரே படியேறி உள்ளே வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. அப்பா செத்தபோதும் அழாத மனுஷன்.

"ஒத்த வாய்த் தண்ணி உன் வீட்டுல குடிக்காமப் போனேனே தாயி. தினம் இதே வழியாத்தானே போனேன். ஒரு நாள் எறங்காமப் போனேனே."

எட்டு வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த பேச்சு. அத்தனையையும் ஒரு போஸ்டருக்குக் கொட்டிக்கொண்டிருந்தார். நான் வெங்காயக் கையோடு அடுப்படி வாசலில் வந்து நின்றேன். என் கண்ணிலும் தண்ணீர், வெங்காயத்தால் வந்தது எது, அவரால் வந்தது எது என்று எனக்கே தெரியாது.

"மச்சான், உசுரோடதான் இருக்குது" என்றார் பின்னால் நின்ற ஒருத்தர். கொட்டு நின்றது.

அண்ணன் நிமிர்ந்தார். ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அதை இல்லையென்று அவரே சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். அப்புறம் பின்னால் யாரோ போஸ்டர் சினிமாவுக்காம் என்று சொல்ல, ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். போச்சு. அண்ணன் முகம் பூட்டிக்கொண்டது. மறுபடியும் என்னால் அவர் சிரிப்பாகிப் போனார், இந்தத் தடவை ஊர் முன்னாடியே.

"நான் ஒட்டலண்ணே. எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும்" என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "வந்தது வந்துட்ட. படியும் ஏறிட்ட. உக்காரு. பிள்ளைய உன் மடியில வச்சுக் காது குத்திருவோம். ஆசாரிய இப்பவே கூப்பிடுறேன்."

என் மகள் கதவோரம் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரும் அதைப் பார்த்தார், அதன் காதைப் பார்த்தார்.

"செத்தாத்தான் வருவேன்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான்" என்றார். சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். செத்த எனக்கு வேன் பிடித்துக் கொட்டோடு வரத் தெரிகிறது. உயிரோடு நிற்கிற எனக்கு ஒரு பலகையில் பத்து நிமிஷம் உட்காரத் தெரியவில்லை. போய்ச் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"உசுரோட இருக்கவ கையில கோடியக் குடுக்கக் கூடாது. விடு" என்றார்.

"எனக்கு எடுத்ததுதானே? வச்சிட்டுப் போ. என் சாவுக்கு நீ வந்தாச்சு. இனி ரெண்டாவது தடவை வராத."

பிடுங்கிக்கொண்டேன். அவர் கை சும்மா தொங்கிக்கொண்டு நின்றது. அப்புறம் வேனில் ஏறிப் போய்விட்டார்.

சொல்லிவிட்டேனே தவிர மனசு கேட்கவில்லை. அடுத்த புதன்கிழமை நல்ல நாள். திருவாதவூர் பஸ் கண்டக்டர் எங்கள் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர். அவரிடம் சொல்லிவிட்டேன், புதன்கிழமை பத்தரைக்குக் காதுகுத்து, மாமன் வந்தால் வரட்டும் என்று. மறுநாள் வந்து, "சொல்லிட்டேன்க்கா. ஒண்ணும் பேசல, தலைய மட்டும் ஆட்டுனாரு" என்றார்.

தலையை ஆட்டினார் என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு புதன்கிழமை மாமனுக்குப் பலகை போட்டு வைத்தேன். பத்தரை பஸ் போனது. பதினோரு மணி பஸ்ஸும் போனது, நிற்காமல். பதினொன்றரை தாண்டியதும் ஆசாரி நேரமாகிறது என்று முனகினார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய் அந்தக் கோடிச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். அக்கம்பக்கத்துப் பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிணத்துக்கு வந்த சேலையைக் கட்டிக்கொண்டு நல்ல காரியத்தில் உட்காருவாளா ஒருத்தி? நான் உட்கார்ந்தேன். மாமன் மடி கிடைக்கவில்லை, மாமன் எடுத்த சேலையிலாவது பிள்ளை உட்காரட்டும் என்று மகளைத் தூக்கி மடியில் வைத்தேன். ஊசி ஏறும்போது வீடே அதிரக் கத்தியது. சேலையில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது.

படம் ஒரு வாரம்தான் ஓடியது. தூக்கின மறுநாள் டைரக்டர் தம்பி அருவாமனையைத் திருப்பிக் கொடுக்க வந்தான். மன்னிப்பெல்லாம் கேட்டான். நான் சோறு போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே அவனாக ஒன்று சொன்னான்.

"தியேட்டர்ல ஒரு ஆளுக்கா. பாதி நரைச்ச தலை. சனிக்கிழமையில இருந்து தினமும் வந்தாரு. நீங்க சாகுற வரைக்கும் இருப்பாரு, உங்க சீன் முடிஞ்சதும் எந்திரிச்சுப் போயிருவாரு. மஞ்சக் குடல் வர்றப்ப தியேட்டரே சிரிக்கும்ல? அவரு மட்டும் எந்திரிச்சு நின்னு, சிரிக்காதீங்கடான்னு கத்துவாரு. சண்டைக்கே போயிட்டாரு ஒருநாள்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "புதன்கிழமையும் வந்தாரா?"

"வந்தாரு. அன்னைக்குப் புது வேட்டி, புதுச் சட்டை. கையில ஒரு மஞ்சப்பை, தேங்காய் பழம் தாம்பூலம் மாதிரி ஏதோ. கீழ வைக்கவே இல்ல. அன்னைக்கு மட்டும் படம் முடியிற வரைக்கும் மடியிலயே வச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு. அப்புறம் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

பதினோரு மணி பஸ்ஸில்தான் போயிருக்க வேண்டும். அந்த பஸ் தாண்டிப் போனபோது நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் தேங்காயை வைத்துக்கொண்டு, ஊரார் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று அங்கே சண்டை போட்டிருக்கிறார். அந்த மடியில் உட்கார வேண்டிய பிள்ளை அதே நேரத்தில் என் மடியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது.